துடுப்பு பொருந்தாத ஆறு பேர்

காலையில் அலாரம் அடித்தது. அப்பா அதை நிறுத்தினார். பால் காய்ச்சினார். ரொட்டியை வாட்டினார். ஒரு பக்கம் கருகியது. கருகியதைக் கத்தியால் சுரண்டினார். குண்டூசி குளித்துச் சீருடை போட்டுக்கொண்டு வந்து, முதுகைக் காட்டி நின்றாள். அப்பா தலை பின்னிவிட்டார். வலது பின்னல் கயிறு மாதிரி தடியாக வந்தது. இடது பின்னல் எலிவால் மாதிரி வந்தது.

"சரியா இருக்கா?"

"இருக்குப்பா."

அவள் கண்ணாடி பார்க்கவில்லை. பார்த்தால் சொல்லத் தோன்றும். சொன்னால் அப்பா எல்லாவற்றையும் அவிழ்த்து முதலிலிருந்து பின்னுவார். பேருந்து போய்விடும்.

குண்டூசி என்பது அம்மா வைத்த செல்லப் பெயர். ஒல்லி உடம்பு, உருண்டைத் தலை. வீட்டில் வைத்த பெயர், எப்படியோ பள்ளிக்கூடம் வரைக்கும் போய் ஒட்டிக்கொண்டது.

இருவரும் ஜன்னலோரம் நின்றபடியே சாப்பிட்டார்கள். வீட்டில் சாப்பாட்டு மேசை இருந்தது. ஆனால் அதன் மேல் படகு இருந்தது.

படகு என்றால் முழ நீளப் படகு. பழைய காலத்துப் போர்க்கப்பல்கள் பெரியவை. கரைக்குப் பக்கத்தில் வந்தால் தரை தட்டிவிடும். அதனால் ஆட்களையும் தண்ணீர்ப் பீப்பாய்களையும் கொண்டுபோய்க் கொண்டுவர, ஒவ்வொரு கப்பலும் சில சிறிய படகுகளைத் தன்னோடு வைத்திருக்கும். அந்தப் படகுகளை அப்படியே குட்டியாகச் செய்வதுதான் அப்பாவின் தொழில். ஓர் ஆள் நடுவிரல் உயரம் என்றால் படகு எவ்வளவு நீளம், பீப்பாய் எவ்வளவு பருமன், ஆணி எவ்வளவு பொடி என்று கணக்குப் போட்டுச் செய்வார். அருங்காட்சியகங்கள் வாங்கிக்கொண்டு போய்க் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கும்.

மெல்லிய மரப்பட்டைகளை வெந்நீரில் ஊறவைத்து வளைத்து, பசை தடவி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுவார். பசை காயும்வரை நழுவாமல் இருக்கத் துணிக் கிளிப்புகளால் கவ்வ வைப்பார். வீட்டிலிருந்த கிளிப்புகள் எல்லாம் பசை ஒட்டி அப்பாவின் கருவிப் பெட்டியில்தான் கிடந்தன. அதனால் கொடியில் காயும் துணிகள் தங்கள் இஷ்டத்துக்குப் பறந்தன. போன வாரம் அப்பாவின் பனியன் ஒன்று கீழ்வீட்டுக்காரர் குடையின் மேல் போய் உட்கார்ந்தது. அவர் அதைக் கவனிக்காமல் அலுவலகம் வரைக்கும் போய்விட்டார்.

படகைச் செய்வது அப்பா. அதில் உட்காரும் ஆட்களைச் செய்வது அம்மா. அப்படித்தான் இருந்தது. கம்பியில் எலும்பு வளைத்து, அதன்மேல் களிமண் அப்பி, ஊசி முனையால் மூக்கு செதுக்கி, ஒற்றை மயிர்த் தூரிகையால் கண் வரைவாள்.

போன மழைக்காலத்தில் அம்மா இறந்துபோனாள். அவள் கடைசியாகச் செய்த ஆட்கள் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள், அலமாரியின் உச்சியில் இருந்தார்கள். அப்பா அந்தப் பக்கம் அண்ணாந்துகூடப் பார்ப்பதில்லை. படகை மட்டும் தினமும் கொஞ்சம் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார். தேய்க்க வேண்டியதெல்லாம் எப்போதோ தேய்த்தாகிவிட்டது.

வியாழக்கிழமை சாயந்திரம் தொலைபேசி அடித்தது. அப்பா "சரி மேடம்" என்றார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். மறுபடியும் "சரி மேடம்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

"யாருப்பா?"

"அருங்காட்சியகத்து மேடம். சனிக்கிழமை காலைல வந்து படகை எடுத்துட்டுப் போறாங்களாம்."

"ஆளுங்க இல்லாமலா?"

அப்பா அலமாரிப் பக்கம் போனார். நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறினார். டப்பாவை இறக்கினார். மூடியைத் திறக்காமல் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டே நின்றார். குண்டூசிதான் வாங்கித் திறந்தாள்.

பஞ்சுக்குள் ஏழு பேர் படுத்திருந்தார்கள். ஆறு பேர் துடுப்புக்காரர்கள். ஏழாவது ஆள் சுக்கான்காரர். அவர் படகின் பின்பக்கம் உட்கார்ந்து திசை திருப்புகிறவர். ஒருவர் சட்டையில் ஒட்டுப் போட்டிருந்தது. ஒருவருக்குச் சப்பை மூக்கு. ஒருவருக்கு முன்வழுக்கை.

"இது நீங்கதானே?" என்றாள் குண்டூசி.

அப்பா வாங்கிப் பார்த்தார். "வழுக்கையை மட்டும் ஒரு குறையும் வைக்காமப் பண்ணிட்டா" என்றார்.

வழுக்கைக்காரரை முதல் பலகையில் உட்கார வைத்தார். தீக்குச்சியைவிடக் கொஞ்சம் தடித்த துடுப்பு ஒன்றை எடுத்து, அவருடைய விரல்களுக்குள் நுழைத்தார். துடுப்பின் தட்டை முனை தண்ணீர்ப் பக்கம் போகாமல் கூரையைப் பார்த்து நின்றது.

திருப்பி நுழைத்தார். இப்போது அது படகின் அடித்தளத்தை இடித்தது.

"ஒட்டடை அடிக்கிறவர் மாதிரி இருக்கார்" என்றாள் குண்டூசி.

அப்பா சிரிக்கவில்லை. அடுத்த ஆளை வைத்துப் பார்த்தார். அதற்கடுத்த ஆளையும் வைத்தார். ஆறு பேருக்கும் அதே கதைதான். எல்லோரும் முதுகை வளைத்துக் குனிந்திருந்தார்கள். கைகள் வயிற்றுக்கு முன்னால் கிடந்தன. விரல்கள் எதையும் இறுக்கிப் பிடிக்கவில்லை. சும்மா மடங்கித் தொங்கின.

"கை இங்க இருக்கணும்" என்று அப்பா தன் நெஞ்சுக்கு முன்னால் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார். "இறுக்கிப் பிடிச்சு, சாஞ்சு இழுக்கணும். இவங்க கை தொங்குது. இங்க பாரு, முன்கைக்கு அடியில களிமண் அமுங்கிப் போயிருக்கு. ஆறு பேருக்கும் இப்படித்தான்."

குண்டூசி பார்த்தாள். உண்மைதான். ஒவ்வொரு முன்கையின் அடியிலும் சட்டை பள்ளமாக அமுங்கியிருந்தது.

"அம்மா தப்பாச் செஞ்சுட்டாங்களா?"

"அப்பவே அவளுக்கு உடம்பு முடியல. சொல்லல. நான்தான் சீக்கிரம், சீக்கிரம்னு..." அப்பா நிறுத்திக்கொண்டார்.

பிறகு தச்சு வேலை பேசும் குரலில் சொன்னார். "முழங்கைல வெட்டி எடுத்து, கம்பியைத் திருப்பி, மறுபடி ஒட்டிடலாம். பூசி மறைச்சிடலாம்."

"கையை வெட்டப் போறீங்களா?"

"பொம்மை கைதானேம்மா."

"அம்மா செஞ்ச கை."

அப்பா துடுப்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டார். "புதுசா ஆள் செய்ய எனக்கு வராது. செஞ்சா மரக்கட்டை மாதிரி இருக்கும். மேடம் கேட்டது துடுப்புக்காரங்களோட படகு. வேற வழி இல்ல. ரம்பத்துப் பிளேடு மழுங்கிக் கிடக்கு. நாளைக்குப் புதுசு வாங்கிட்டு வந்து சாயந்திரம் வெட்டறேன்."

"அதுக்குள்ள எனக்கு ஏதாவது தோணிச்சுன்னா?"

"தோணிச்சுன்னா சொல்லு."

சொன்ன விதத்திலேயே தெரிந்தது, எதுவும் தோன்றப் போவதில்லை என்று அவர் நினைப்பது.

"இவரையாவது விட்டுடுவீங்களா?" குண்டூசி சுக்கான்காரரைத் தூக்கிக் காட்டினாள்.

"அவர் சரியா இருக்கார். ஒரு கை சுக்கான்ல. வாயைத் திறந்து 'இழு, இழு'ன்னு கத்தறார் பாரு. ஒருத்தராவது தேறினாரே."

"இவரை நான் பார்த்துக்கறேன்."

"பத்திரம். மூக்கு உடைஞ்சா ஒட்ட ஆள் கிடையாது."

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு அத்தை வந்தாள். அத்தை அப்பாவின் அக்கா. நகரப் பேருந்து ஓட்டுகிறவள். அவள் பேருந்தின் கடைசி நிறுத்தம் இந்தத் தெருமுனைதான். வேலை முடிந்தால் அப்படியே மேலே ஏறி வந்துவிடுவாள். வந்ததும் காலணியைக் கழற்றி, காலை நீட்டி, "அப்பாடா" என்பாள். அதற்குப் பிறகுதான் பேச்சு.

"அப்பாடா" என்றாள். "என்ன, ரெண்டு பேரும் கப்பலைக் கவிழ்த்தவங்க மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?"

குண்டூசி எல்லாவற்றையும் சொன்னாள்.

அத்தை டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தாள். "உங்க அம்மா உப்புப் போட மறப்பா. பட்டன் தைக்க மறப்பா. என் பிறந்தநாளை ஒரு தடவைகூட ஞாபகம் வச்சுக்கிட்டதில்ல. ஆனா பொம்மையில தப்புப் பண்ணுவாளா? காது மடிப்பு சரியா வரலன்னு என்னை அரைமணி நேரம் திரும்பி உட்காரச் சொன்னவ."

"அக்கா, துடுப்புப் பொருந்தல" என்றார் அப்பா.

"எனக்கு என்னடா தெரியும்? துடுப்புப் போட்ட பஸ் எதுவும் நான் ஓட்டினதில்ல."

அத்தை எழுந்து கொடியிலிருந்த துணிகளை மடிக்கப் போனாள். பாதித் துணிகள் கொடியில் இல்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் குண்டூசிக்கு எதுவும் ஏறவில்லை. அவள் மனது முழுக்க ஆறு ஜோடிக் கைகள்தான். அம்மா பேனா மூடியால் அழுத்தி முழங்கை மடிப்பு போடுவதை அவள் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறாள். அந்த மடிப்பில்தான் ரம்பம் இறங்கப் போகிறது.

வீட்டுக்குத் திரும்பும்போது அப்பா படியிறங்கி வந்தார். "பிளேடு வாங்கிட்டு வந்துடறேன். பால் அடுப்புல இருக்கு. பொங்கல, பார்த்துட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாடிப்படியில் ரெட்டையர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எதிர் வீட்டுப் பையன்கள். பெரிய ரெட்டை, சின்ன ரெட்டையைவிட ஏழு நிமிஷம் மூத்தவன். அந்த ஏழு நிமிஷத்தை வைத்துக்கொண்டு அவன் செய்கிற நாட்டாமை கொஞ்சநஞ்சமல்ல.

"ஒரு உதவி பண்ணுங்கடா" என்றாள் குண்டூசி. "படகு ஓட்டணும்."

"தண்ணி?" என்றான் சின்ன ரெட்டை.

"தண்ணி வேண்டாம். படிதான் படகு. ரெண்டு பேரும் முன்னால பின்னால உட்காருங்க."

வீட்டிலிருந்து தரை துடைக்கும் குச்சியையும் ஒட்டடைக் குச்சியையும் கொண்டுவந்தாள். ரெட்டையர்கள் இழுத்தார்கள். முதல் இழுப்பில் பெரிய ரெட்டையின் குச்சி சுவரை இடித்தது. இரண்டாவது இழுப்பில் சின்ன ரெட்டையின் குச்சி பெரிய ரெட்டையின் காதை இடித்தது.

"அண்ணனையே அடிக்கிறியா?"

"அண்ணன் ஏன் என் துடுப்புக்குப் பின்னால உட்காரணும்?"

"சண்டை போடாதீங்க. அப்படியே நில்லுங்க, அசையாம." குண்டூசி சுற்றிவந்து பார்த்தாள். நீட்டிய கைகள், இறுகிய விரல்கள், விறைத்த முதுகு. அப்பா சொன்னது போலத்தான் இருந்தது. "சரி. இப்ப முதுகை வளைங்க. கையைத் தொங்கப் போடுங்க. விரலை விடுங்க. இன்னும் கீழே. இப்ப இழுங்க."

"எதைக் கொண்டு இழுக்கறது? குச்சி நழுவுது."

"இப்படி உட்கார்ந்தா தூக்கம்தான் வரும்" என்றான் பெரிய ரெட்டை.

குண்டூசி கைக்குட்டையைப் பிரித்துச் சுக்கான்காரரை வெளியே எடுத்தாள். "இவர்தான் உங்க தலைவர். எப்படிக் கத்தறார் பாருங்க. அதுக்காகவாவது இழுங்க."

சின்ன ரெட்டை பார்த்தான். கொட்டாவி விட்டான்.

அதைப் பார்த்துப் பெரிய ரெட்டையும் கொட்டாவி விட்டான். "ஏன்டா, மத்தியானம் தூங்கலையா?" என்று கேட்டுக்கொண்டே இன்னொன்று விட்டான்.

குண்டூசிக்கும் வந்தது. வாயைக் கையால் மூடிக்கொண்டு சுக்கான்காரரைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். வாய் நன்றாகத் திறந்திருந்தது. கண்கள் இரண்டும் இறுக மூடியிருந்தன. ஓரத்தில் சுருக்கம்கூட இருந்தது.

"கத்தறவங்க கண்ணை மூடிக்குவாங்களா?"

"எங்க அப்பா கத்தும்போது கண்ணு ரெண்டும் வெளியே வந்துடும்" என்றான் சின்ன ரெட்டை.

"இவர் கத்தல. கொட்டாவி விடறார்."

படகு ஓட்டிக்கொண்டிருக்கும்போது எதற்குக் கொட்டாவி? குண்டூசிக்குப் பாதி தெரிந்தது, பாதி தெரியவில்லை. தொண்டையில் மாட்டிய மாத்திரை மாதிரி மீதிப் பாதி இறங்காமல் நின்றது. யாரிடமாவது கேட்க வேண்டும். அப்பா இல்லை. அத்தையின் பேருந்து வந்திருக்கும்.

குண்டூசி தெருமுனைக்கு ஓடினாள்.

பேருந்து நின்றிருந்தது. உள்ளே ஆள் இல்லை. விளக்குகளும் அணைந்திருந்தன. அத்தை மட்டும் ஓட்டுநர் இருக்கையில் இருந்தாள். முன்கைகள் இரண்டையும் ஸ்டியரிங்கின் மேல் போட்டு, முதுகை வளைத்து, தலையைத் தொங்கவிட்டிருந்தாள். விரல்கள் எதையும் பிடிக்கவில்லை. சும்மா மடங்கித் தொங்கின.

குண்டூசி படியிலேயே நின்றுவிட்டாள். அந்த முதுகை அவளுக்குத் தெரியும். நேற்றுப் பஞ்சுக்குள் பார்த்திருந்தாள்.

"அத்தை."

"ம்."

"தூங்கறீங்களா?"

"தூங்கல. இன்னும் ஒரு தடவை போய்ட்டு வரணும். அதுக்கு முன்னால கொஞ்சம் இப்படி இருக்கேன்." அத்தை நிமிர்ந்தாள். கையைத் தூக்கி முகத்தைத் துடைத்தாள். முன்கையின் அடியில், ஸ்டியரிங் அழுத்திய இடத்தில், சட்டைத் துணி பள்ளமாக அமுங்கியிருந்தது.

"அத்தை, அசையாதீங்க."

"என்னடி, பூச்சியா?"

"கையைக் காட்டுங்க. அந்தக் கையையும்." இரண்டிலும் அதே பள்ளம். "அவங்க துடுப்பைப் பிடிக்கல அத்தை. துடுப்பு மேல சாஞ்சிருக்காங்க."

"யாரு?"

ஜன்னலுக்கு வெளியே அப்பா போய்க்கொண்டிருந்தார். கையில் சின்னக் காகிதப் பொட்டலம். தலையைக் குனிந்தபடி வீட்டுப் பக்கம் திரும்பினார்.

"அப்புறம் சொல்றேன்" என்று குண்டூசி இறங்கி ஓடினாள்.

தெருவில் ஒரு தள்ளுவண்டி குறுக்கே நின்றது. அதைத் தள்ளி நகர்த்தும்வரை வழி கிடைக்கவில்லை. மாடிப்படியில் ரெட்டையர்கள் குச்சிகளைக் குறுக்கே வைத்து, யார் தலைவர் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். "நகருங்கடா" என்று தாண்டி ஏறினாள். மேலே போனபோது மூச்சு வாங்கியது.

அப்பா மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார். வழுக்கைக்காரரைத் துணி சுற்றி இடுக்கியில் பொருத்தியிருந்தார். ரம்பம் முழங்கையின் மேல் இருந்தது.

குண்டூசி அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வெட்டிட்டீங்களா?"

"ஒரு இழுப்புதான் இழுத்தேன்." சட்டைக் கையில் மெல்லிய கோடு விழுந்திருந்தது. "அதுக்கு மேல கை வரல."

"எடுங்கப்பா. அவரை எடுங்க. படகுல வைங்க."

அப்பா அவள் முகத்தைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. இடுக்கியைத் தளர்த்தி, வழுக்கைக்காரரை எடுத்துப் பலகையில் உட்கார வைத்தார்.

குண்டூசி ஒரு துடுப்பை எடுத்தாள். விரலுக்குள் நுழைக்கவில்லை. இடப்பக்க விளிம்புக்கு மேலாக அதைப் படகுக்குள் இழுத்து, கைப்பிடி வலப்பக்க விளிம்பில் போய் உட்காரும்படி குறுக்கே வைத்தாள். தட்டை முனை தண்ணீரைத் தொடாமல் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. பிறகு வழுக்கைக்காரரைச் சற்று முன்னால் நகர்த்தினாள்.

அவருடைய முன்கைகள் துடுப்பின் மேல் இறங்கின. அடியிலிருந்த பள்ளத்தில் துடுப்பு போய் அமர்ந்தது. 'டக்' என்று சின்னச் சத்தம் கேட்டது.

அப்பா குனிந்து பார்த்தார். விரலால் துடுப்பை ஆட்டிப் பார்த்தார். அது அசையவில்லை.

"களிமண் அமுங்கல" என்றார்.

"இல்ல. அம்மா அமுக்கினது."

இரண்டாவது ஆளை அப்பா வைத்தார். மூன்றாவது ஆளைக் குண்டூசி வைத்தாள். துடுப்புகள் இடம் வலமாக மாறி மாறிக் குறுக்கே கிடந்தன. ஆறு பேரும் அவற்றின் மேல் சாய்ந்திருந்தார்கள். நடுவில் அப்பா செய்த தண்ணீர்ப் பீப்பாய்கள் இருந்தன. கடைசியாகக் குண்டூசி கைக்குட்டையைப் பிரித்து, சுக்கான்காரரைப் பின்பக்கம் உட்கார வைத்தாள்.

"இவர் என்ன செய்யறார்னு பாருங்க."

அப்பா பார்த்தார். அவருடைய தாடை மெல்ல இறங்கியது. பெரிதாக ஒரு கொட்டாவி வந்தது. கண்ணில் தண்ணீர் வரும்வரை விட்டார்.

"கத்தறார்னு சொன்னீங்க" என்றாள் குண்டூசி.

அப்பா சிரித்தார். சத்தமாக ஒன்றும் இல்லை. மூக்கு வழியாகக் கொஞ்சம் காற்று வந்தது, அவ்வளவுதான். பிறகு கையை மேசை மேல் போட்டு, அதன்மேல் தலையைச் சாய்த்து, அவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். குண்டூசியும் பக்கத்து நாற்காலியில் அப்படியே சாய்ந்துகொண்டாள். எல்லோருமாக ஒன்பது பேர்.

சனிக்கிழமை காலை அருங்காட்சியகத்து மேடம் வந்தார். தோளில் பெரிய பை. நெற்றியில் வியர்வை. "நாலு மாடி ஏறி வர வச்சுட்டீங்க சார்" என்றார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படகைச் சுற்றிவந்தார்.

குண்டூசி கதவோரம் நின்று விரல் நகத்தைக் கடித்தாள். இவர் வேண்டாம் என்றால் ரம்பம் மறுபடியும் வெளியே வரும்.

"படகு பிரமாதம்" என்றார் மேடம். "ஆனா சார், நாங்க கேட்டது துடுப்புப் போடற ஆளுங்க. இவங்க ஏன் சும்மா இருக்காங்க?"

அப்பா வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. வழக்கமாக மேடத்திடம் பேசுகிறவள் அம்மாதான்.

"இவங்க சும்மா இல்ல ஆன்ட்டி" என்றாள் குண்டூசி. "கரைக்குப் போய்த் தண்ணி பிடிச்சுக்கிட்டு வராங்க. பீப்பாய் எல்லாம் நிரம்பிடுச்சு. கப்பல் இன்னும் தூரத்துல இருக்கு. அதனால பாதி வழில துடுப்பை உள்ள இழுத்துப் போட்டுட்டு, கொஞ்சம் இப்படி இருக்காங்க. அப்புறம் போவாங்க."

"இது உன் கற்பனையா? இல்ல, நிஜமாவே அப்படிச் செய்வாங்களா?"

"செய்வாங்க மேடம்" என்றார் அப்பா. இப்போது குரல் வந்துவிட்டது. "இந்த மாதிரிப் படகுல ஒரு பலகைக்கு ஒரு ஆள். துடுப்பைக் குறுக்கே இழுத்துப் போட இடம் இருக்கும். ரொம்ப தூரம் இழுத்தவங்க அப்படித்தான் சாஞ்சுக்குவாங்க. தொழில் தெரிஞ்ச எனக்கே பார்த்ததும் புரியல. இவளுக்குத்தான் புரிஞ்சுது."

மேடம் மறுபடியும் குனிந்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனார். சுக்கான்காரரிடம் வந்தார். கையால் வாயை மறைத்துக்கொண்டார். மறைத்தும் பலனில்லை. நீளமான, சத்தமான கொட்டாவி.

"மன்னிச்சுக்கோங்க" என்றார். "ராத்திரி சரியாத் தூங்கல. புதுக் கூடம் திறக்கற வேலை."

"எல்லாருக்கும் வருது ஆன்ட்டி. அவர்தான் காரணம்."

மேடம் சிரித்துவிட்டார். பையை இறக்கி நாற்காலியில் வைத்தார். "எங்க கூடம் முழுக்க எல்லாரும் சண்டைதான் போட்டுக்கிட்டு இருக்காங்க. பீரங்கியும் கத்தியுமா. ஒரு படகாவது உட்காரட்டும். இப்படியே எடுத்துக்கறேன் சார். வழுக்கைக்காரர் சட்டைல ஒரு கோடு இருக்கே, கிழிசலா?"

"ஆமா" என்றார் அப்பா. "கிழிசல்தான்."

பெட்டியை மேலே கொண்டுவரச் சொல்ல மேடம் கீழே போனார். அப்பாவும் குண்டூசியும் படகும் மட்டும் இருந்தார்கள்.

"அப்பா, இவங்களைப் பத்தி அம்மா உங்ககிட்ட ஒண்ணுமே சொல்லலையா?"

அப்பா படகுக்கு முன்னால் உட்கார்ந்தார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். அம்மாவைப் பற்றி அவராகவே இவ்வளவு பேசி ரொம்ப நாளாகியிருந்தது.

"கடைசியா 'குழந்தையைப் பார்த்துக்கோங்க'ன்னு அம்மா சொன்னதா அத்தை ஊரெல்லாம் சொல்றா. அப்படி அவ சொல்லல. அதைச் சொல்ல வேண்டியதில்லைன்னு அவளுக்குத் தெரியும்."

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய காலையில், வாடகை வண்டி கீழே வந்து நின்றது. அம்மா செருப்பு மாட்டிக்கொண்டாள். ஜன்னல் திட்டில் ஏழு பேரும் பெயிண்ட் காய்வதற்காக வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வாசல்வரை போன அம்மா நின்று, அவர்களைத் திரும்பிப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னாள். வண்டியில் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டாள். அங்கே போனதும் வாயில் குழாய் வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. பெயிண்டுக்காகச் சொல்கிறாள் என்றுதான் அப்பா இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா சொன்னாங்க?"

"'ஜன்னலைச் சாத்திடுங்க, தூசி படும். பாவம், இப்பத்தான் உட்கார்ந்திருக்காங்க.'"